ரோய்ஸ்டன் இழுக்கப்போற லோரி

ஏர்கோன இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பி விடுங்கண்ணே. வெந்து சாவறேன். இது என்ன வெயிலு, ஈப்போவையே சட்டியில போட்டு வறுக்குது. என்ன அப்படிப் பாக்குறீங்க? எறங்க மாட்டேன்லா. கதவச் சாத்தியாச்சு.

யாருன்னா? நெசமாத்தான் கேக்குறீங்களா? அலாமா. சுகுமாரண்ணே, நான் ஷாமினி. ரோய்ஸ்டன் தங்கச்சி. நீங்களும் அவனும் கேஸ் லோரியில வரும்போது கீழ நின்னுக்கிட்டு ஹோர்ன் அடிங்க, ஹோர்ன் அடிங்கன்னு உயிர எடுப்பேனே, அந்தப் பிசாசுதான். வளந்துட்டேன். நீங்க சுங்காய்க்குப் போயி செம்பனைக் குலை ஏத்த ஆரம்பிச்சு எத்தன வருஷம் ஆச்சு, நான் மட்டும் அப்படியே நிப்பேனா? இப்ப தஞ்சோங் மாலிம்ல படிக்கிறேன். ஸ்போர்ட்ஸ் சயன்ஸ். எங்கம்மா கேட்டா லாயருக்குப் படிக்க வேண்டிய வாயின்னு சொல்லுவாங்க. அது கெடக்கட்டும்.

ரூலா? எந்த ரூல்ல போட்டிருக்கு, லோரிக்குள்ள டிரைவர்கூட இன்னொரு ஆளு ஒக்காரக் கூடாதுன்னு? அந்த மீசைக்கார ரெஃப்ரிகிட்டயும் இதத்தான் கேட்டேன். புக்கத் தொறந்து காட்டுங்கன்னேன். தொறக்கல. தேடிட்டு வாரேன்னு போனாரு, அப்படியே போனவருதான். இந்தப் பச்சை வெஸ்ட்டு பாருங்க, சும்மாவா போட்டிருக்கேன்? வாலண்டியர். டிரைவருக்குப் பாதுகாப்பு.

வெயிட்டு கூடிருமா? அண்ணே, இது பத்து டன் லோரி. இதுல நான் ஏறுறதும் ஒண்ணுதான், ஒரு ஈ ஏறுறதும் ஒண்ணுதான். உங்க தொப்பைய மொதல்ல எறக்கி வைங்க, அப்புறம் நான் எறங்குறேன். எங்கண்ணன் முடிச்சதும் தீபன் இழுக்கும்போதும் நான் இங்கதான் இருப்பேன். அவனுக்கும் அதே வெயிட்டு. நியாயம் சரியாப் போச்சா?

சிரிக்கிறீங்க. நல்லது.

இப்ப ஒண்ணும் ஆரம்பிக்க மாட்டாங்க. மேடையில டத்தோ பேசுறாரு கேக்குதா? இளைஞர்கள், ஒற்றுமை, ஆரோக்கியம். அஞ்சு நிமிஷம்னு மைக்கப் புடிச்சாரு. யாராச்சும் ஒருத்தர் வந்து அந்த மைக்க இழுத்தா தேவல.

அதோ பாருங்க, கோட்டுக்கிட்ட குந்திக்கிட்டுத் தோள்ல வாரக் கட்டுறான் எங்கண்ணன். மலை மாரி முதுகு. பின்னால சிவப்பு ஜட்டிக்காரன் குதிச்சிக்கிட்டு இருக்கானே, அதான் தீபன். குட்டிப் பய. நல்லவன்தான், எனக்கு ஒண்ணும் அவன் மேல இல்ல. எங்கண்ணன் வீடியோவப் பாத்துத்தான் இந்த வெளையாட்டுக்கே வந்தேன்னு காலையில வந்து கால்ல விழாத கொற. இப்ப ரெண்டு பேரும் சமமா நிக்கிறாங்க. கட்டை தூக்குறதுல எங்கண்ணன் மொதல்ல, கல்லு தூக்குறதுல தீபன் மொதல்ல. இந்த லோரி ஒண்ணுதான் பாக்கி. இத எவன் சீக்கிரம் அந்த மஞ்சக் கோட்டத் தாண்டி இழுக்குறானோ அவன்தான் பேராக்குக்கு ஸ்ட்ரோங்மேன். எங்கண்ணன் இத விட்டே குடுத்ததில்ல. நான் ஃபோர்ம் த்ரீ படிக்கும்போது ஜெயிச்சான், இன்னும் அவன்தான். இன்னைக்குப் போச்சுன்னா போச்சு. அதான் அங்க எங்கம்மா உருட்டுறாங்க ஜெபமாலைய, முன் வரிசையில.

அவன் எப்படி இதுல வந்தான்னு உங்களுக்குத் தெரியாதுல்ல? நீங்க போனப்பறம் நடந்த கூத்து. மொதலாளி தவுக்கே உங்களுக்குப் பதிலா ஒரு ஆளப் போட்டாரு, ரோடும் தெரியாது, காதும் கேக்காது. ஒரு ஞாயித்துக்கெழம, சாத்தே கடையில கேஸ் தீந்து போச்சுன்னு போன். கடை எங்க? ஷோப்பிங் சென்டர் பின்னால, கார்பார்க்குல. அன்னைக்கு அங்க என்னமோ விழா, லோரிய உள்ள விட மாட்டேன்னுட்டான் வாசல்ல காவலுக்கு நின்ன ஜாகா. இவன் என்ன பண்ணான், ரெண்டு சிலிண்டர் தோங்கையும் ரெண்டு கையில தூக்கிக்கிட்டு நடந்தான். ரொம்பின தோங்கு. நடுவுல கயிறு கட்டியிருக்கு, கயித்தத் தாண்டிட்டான். ரெண்டு பக்கமும் ஜனம். பாத்தா பக்கத்துல ஒருத்தன், கழுத்தே இல்லாத ஒடம்பு, ரெண்டு கையிலயும் இரும்பத் தூக்கிக்கிட்டு முக்கி முக்கி வாரான். போட்டி நடக்குதுலா! எங்கண்ணனுக்கு அது தெரியுமா? மன்னிச்சிருங்க பிரதர், கொஞ்சம் அவசரம்னு சொல்லிட்டு, அவன ஓவர்டேக் பண்ணிட்டுப் போறான். மைக்குல இருந்தவன் பேயா கத்துறான். இவன் நேரா சாத்தே கடைக்குப் போயி, தோங்க மாட்டி, நெருப்பு நல்லா வருதான்னு பாத்துட்டுத் திரும்புனா, ஜனமே எந்திரிச்சு நின்னு கை தட்டுது. இவன் திரும்பிப் பாக்குறான், பின்னால யாரு வந்தான்னு.

சத்தியமாண்ணே. அப்புறம் புடிச்சு இழுத்து விட்டாங்க, சிலிப்பரோட கலந்துக்கிட்டு மூணாவது வந்தான். ரைஸ் குக்கர் குடுத்தாங்க. இன்னும் எங்க வீட்ல அதுலதான் சோறு.

ஜிம்மா? ஜிம்முக்கு யாரு போனா. லோங்காங் மூடிய எடுத்து வெச்சுத் தூக்குவான், அந்தச் சாக்கடைய மூடுற பெரிய சிமெண்டு மூடி. ஃப்ளாட்ல கம்ப்ளேய்ன் பண்ணிட்டாங்க, ராத்திரி பூரா லோங்காங் தொறந்து கெடக்குது, பூன விழுதுன்னு. பழைய டயர உருட்டுவான். அத விடுங்க, சாப்பாடு! ஒரு தட்டு முட்டையக் காலையில காலி பண்ணிருவான், மஞ்சக்கருவ எனக்குத் தள்ளி விடுவான். எனக்கு முட்டைன்னாலே இன்னும் கொமட்டும். பேங்காக்ல போட்டின்னு ஹட்யாய் வழியா பஸ்ல போனான், ஒரு சீட்டுல அடங்கல, பக்கத்து சீட்டு ஆன்ட்டி வழி பூரா அவன் தோள்ல தூங்கிட்டு வந்திருக்கு. எறங்கும்போது அது அவனுக்கு ஒரு பாக்கெட்டு டோடோல் அல்வா குடுத்துச்சாம், நல்ல தலகாணி தம்பின்னு.

கொரியாவுக்குப் போனான், மணிலாவுக்குப் போனான். கேஸ் வேலைய விட்டான். அதுக்கப்புறம் இதான் தொழில். பேப்பர்ல வந்துச்சு, பாத்தீங்களா? பாத்துருப்பீங்க. ரப்பர் தோட்டத்து மண்ணின் மைந்தன்னு போட்டிருந்தான். எனக்கு வந்த கோவம்! அந்த நிருபருக்கு நானே போன் பண்ணேன். சார், எங்கண்ணன் பாலர் பள்ளி போகுமுன்னயே தோட்டத்த வித்துட்டாங்க. லயத்து வீட்ட இடிச்சாங்க. எங்கப்பாவையும் அம்மாவையும் கொண்டாந்து புந்தோங் ஃப்ளாட்ல நாலாவது மாடியில போட்டாங்க, லிப்ட்டு அன்னைக்கே ரோசாக், ஓடல, இன்னைக்கும் ரோசாக். அவன் பலம் அந்தப் படிக்கட்டுல கேஸ் தோங்கு தூக்கி வந்த பலம். மண்ணுல வரல, அத எழுதுங்கன்னேன். எழுதுனானா? லைன கட் பண்ணிட்டான்.

எங்கப்பா இருந்தவரைக்கும் இதெல்லாம் ஒரு வெளையாட்டான்னு சிரிப்பாரு. தோள்ல ஒரு இரும்புச் சட்டத்த வெச்சு நடப்பாங்கள்ல, அதப் பாத்துட்டு, இது காண்டா கம்புலா, ரெண்டு பக்கமும் பால் வாளி மாட்டி உங்கம்மா நடந்தா, உங்கம்மாவுக்கு எவன் கப்பு குடுத்தான்னாரு. எங்கம்மாவுக்கு அன்னைக்கு ஒரே பெரும, ரெண்டு நாளு நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தாங்க.

ஆங், எங்கம்மா கதை ஒண்ணு இருக்கு. சொல்றேன், டத்தோ இன்னும் ஒற்றுமையத் தாண்டல.

மொத மொத லோரி இழுக்குற போட்டி, கே.எல்.ல. எங்கம்மாவுக்கு மாதா இருக்காங்க, சரி, தீர்த்தம் தெளிச்சாச்சு. ஆனா அவங்க கல்யாணத்துக்கு முன்னால இந்து, அந்தப் பழக்கம் எங்க போவும்? வண்டின்னா சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வைக்கணும். யாரும் பாக்காதப்ப போயி நாலு டயருக்கும் நாலு பழம் வெச்சிட்டு வந்துட்டாங்க. ரெஃப்ரி ஒரு வெள்ளக்காரன். டயரச் சுத்திப் பாத்தவன் கத்துறான் பாருங்க! ஏதோ எண்ணெய் மாரி வழுக்க வைக்குற சாமான்னு நெனச்சுட்டான். எங்கண்ணன டிஸ்குவாலிஃபை பண்ணப்போறேன்னு நிக்கிறான். எங்கம்மா அழுவுறாங்க. எனக்கு அப்ப பதினாலு வயசு, ஸ்கூல் இங்கிலீஷ்தான். நேரா போயி நின்னேன். இது லெமன், இதுல எண்ணெய் இருக்கா, நீ சாப்பிடுற மீன் மேல புழியுறீயே அதே லெமன்தான், லோரி புதுசா வாங்குனா நாங்க இதத்தான் செய்வோம், வேணும்னா எல்லா லோரிக்கும் வைக்கச் சொல்லுன்னேன். அவனுக்குச் சிரிப்பு வந்துருச்சு. சரி, எடுத்துருங்கன்னான். எடுத்தோம். எங்கம்மா அந்த நாலு பழத்தையும் புழிஞ்சு தண்ணியில கலந்து எங்கண்ணனுக்கே குடுத்துட்டாங்க. சக்கரத்துக்கடியில போக வேண்டியது வயித்துக்குள்ள போயிருச்சு, அங்கேர்ந்து தள்ளட்டும்னுட்டாங்க. அன்னைக்கு ஜெயிச்சானா, அப்புறம் அதுவே பழக்கம். இப்பவும் குடிச்சிட்டுத்தான் வந்திருக்கான்.

சண்டைக்காரியா? ஆமா. யாராவது ஒருத்தராச்சும் போடணும்ல சண்டை. அவன் போட மாட்டான். அவனுக்கு அது வராது. ஒரு தடவ பினாங்குல, கட்டையத் தலைக்கு மேல தூக்குனான், ரெஃப்ரி வெள்ளக்கொடி காட்டியாச்சு, அதோட கப்பு இவனுக்கு. இவன் போயி ரெஃப்ரிகிட்ட சொல்றான், என் முட்டி முழுசா நிமிரல, நீங்க அந்தப் பக்கம் நின்னீங்க, பாத்திருக்க மாட்டீங்கன்னு. கப்பு போச்சு! வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் திட்டுனேன். கூலிம் தாண்டி தைப்பிங் வரைக்கும் திட்டுனேன். பொய்யே சொல்லாத அந்த ராசா பரம்பரையாடா நீயின்னேன். நல்ல வேள அவனுக்கு அது யாருன்னு தெரியாது. கோலகங்சார்ல லக்சா வாங்கிக் குடுத்தான், வாய மூட.

இப்படிப்பட்டவன்தான். ஒலகமே அவன் தோள்ல ஏறி ஒக்காந்துருச்சு. பீரோ மாத்தணுமா, ரோய்ஸ்டனக் கூப்புடு. ஃப்ரிட்ஜ் மேல ஏத்தணுமா, ரோய்ஸ்டனக் கூப்புடு. காடி லோங்காங்ல விழுந்துருச்சா, டோ லோரி எதுக்கு, ரோய்ஸ்டன் இருக்கான்ல. கல்யாணத்துல மாப்பிள்ளயத் தூக்குறதுக்கும் ரோய்ஸ்டன், கருமாதியில பொட்டியத் தூக்குறதுக்கும் ரோய்ஸ்டன். முடியாதுன்னு ஒரு வார்த்த வராது வாயில. வாரேன்ம்பான், போயிருவான்.

அவன் கை எப்படிப் போச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? போட்டியில கிழிஞ்சுதுன்னு நெனச்சீங்கள்ல? எல்லாரும் அப்படித்தான் நெனக்கிறாங்க. கோயில் திருநாள்லண்ணே. மாதா சுரூபம் தூக்கிட்டு வருவோம்ல, சப்பரத்துல, பூவெல்லாம் கட்டி. எட்டு பேரு தூக்கணும். எட்டு பேரு இருந்தாங்க, நான் பாத்தேன். ரோடு திரும்புற எடத்துல மேடு. அங்க வந்ததும் ஏழு பேரும் என்ன பண்றானுங்க, கைய மட்டும் கம்பு மேல வெச்சுக்கிட்டு மெதுவா தோளத் தாழ்த்திட்டானுங்க. ஏன்னா ரோய்ஸ்டன் இருக்கான்ல! ஒருத்தன் போன் வேற பாக்குறான், ஒத்தக் கையில. மொத்த வெயிட்டும் இவன் பக்கம் சாயுது. வேற எவனா இருந்தாலும் விட்டுட்டு வெலகியிருப்பான். மாதா கீழ விழுந்துருவாங்களே. வலது கைய உள்ள குடுத்துத் தாங்குனான். டப்புனு ஒரு சத்தம். பக்கத்துல நின்ன எனக்கே கேட்டுச்சு. தசை நரம்பு பிச்சிக்கிட்டு மேல ஏறிருச்சு, தோள்கிட்ட உருண்டையா நிக்குது. அந்தக் கையோடவே கோயில் வாசல் வரைக்கும் கொண்டாந்து எறக்கி வெச்சிட்டு, முட்டி போட்டுக் கும்பிட்டுட்டு, அப்புறம்தான், ஷாமினி, கை என்னமோ பண்ணுதுங்குறான்.

ஏழு பேரையும் வரிசையா நிக்க வெச்சுக் கேட்டேன். ஃபாதர் இருக்காரு, ரோசரி குரூப் இருக்கு, எவன் இருந்தா எனக்கென்ன. அந்தப் போன் பாத்தவன் மட்டும் சொல்றான், இவருதான் சேம்பியனாச்சே அக்கா, நாங்க என்னத்தன்னு. அக்காவாம்! என்னவிட மூத்தவன்.

ஆப்பரேசன் நடந்துச்சு. மாசக்கணக்கா கையத் தொட்டில் கட்டித் தொங்க விட்டிருந்தான். அப்புறம் எக்சர்சைஸ், நானே கூட இருந்து எண்ணி எண்ணிப் பண்ண வெச்சேன், நான் படிச்ச படிப்புக்கு அது ஒண்ணுதான் பிரயோசனம். டோக்டர் போன மாசம் எல்லாம் பாத்துட்டு முழுசா ஆறிருச்சு, இழுக்கலாம், தூக்கலாம்னு கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டாரு. காலையில கட்டைய எப்படித் தூக்குனான்னு பாத்தீங்கள்ல? அது ஆறாத கையா?

இல்லண்ணே, வலிக்கல. அதான் நானும் சொல்றேன். வலி இல்ல, பயம். தூக்குறதுல அவனுக்குப் பயம் இல்ல, கனம்னா கீழ போட்டுட்டு வெலகிக்கலாம். இழுக்கும்போதுதான். கயித்தப் புடிச்சு முன்னால இழுக்குறோம்ல, அது விறைப்பாயி, லோரி அசையுமா அசையாதான்னு ஒரு நொடி வரும் பாருங்க, அந்த நொடியில டப்புனு மறுபடியும் சத்தம் வரும்னு காதத் தீட்டிக்கிட்டு இருக்கான்.

போன வாரம் கோப்பேங் பக்கம் பழைய தோட்டத்து ரோட்ல ஒரு லோரிய வெச்சுப் பழகுனான். நான் வீடியோ எடுத்தேன். கயிறு விறைச்சுது. காலு ஊனிருச்சு. லோரி அசைஞ்சுது, ஒரு சாண் வந்துச்சு, நான் என் கண்ணால பாத்தேன். கயித்த விட்டுட்டான். ஐயோ கைன்னு புடிச்சிக்கிட்டு ஒக்காந்துட்டான். எந்தக் கையப் புடிச்சான் தெரியுமா? கிழிஞ்சது வலது கை. புடிச்சது எடது கை.

சிரிக்காதீங்க. நானும் மொதல்ல சிரிச்சேன். அப்புறம் அவன் மூஞ்சப் பாத்தேன்.

அதுலேர்ந்து ஒழுங்கா சாப்புடல. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. எங்க போனாலும் ஆளுங்க, என்னா சேம்பியன், இந்த வருஷமும் நம்மதான்லன்னு முதுகத் தட்டுறாங்க. இவன் பல்லக் காட்டுறான். தோத்தா என்னா, தலையா போயிரும்? போவாது. ஆனா அசையாம நின்னுட்டு கயித்த விட்டுட்டு வந்தான்னு வெச்சுக்குங்க, அத்தன பேரு முன்னால, அப்புறம் அவன் கயித்தத் தொட மாட்டான். எனக்குத் தெரியும். அவன் அப்படியே சுருண்டுக்குவான்.

என்ன, நிறுத்திட்டாரா? கை தட்டுறாங்க. டத்தோ எறங்கிட்டாரு. சரி சரி, நீங்க எஞ்சின ஓடவிட்டே வைங்க, காத்து பிரேக்கு, நிறுத்துனீங்கன்னா காத்து எறங்கிரும், அப்புறம் பிரேக்கே விடாது. இதுவும் எனக்குத் தெரியும். கேஸ் லோரியிலயே பாதி வாழ்க்க ஓட்டுனவன் தங்கச்சி நான்.

அப்புறம்ணே, ஒண்ணு. காலையில ரொட்டி சானாய் கடையில அவன் உங்ககிட்ட ஒண்ணு கேட்டான்ல, அது வேணாம்.

எதுவா? தெரியாத மாரி கேக்காதீங்க. தூணுக்கு அந்தப் பக்கம் தே தாரேக்கு நின்னுக்கிட்டு இருந்தது நான்தான். எல்லாம் கேட்டுச்சு. விசில் ஊதுனதும் மொத கியரப் போட்டு, கிளட்ச்ச ஒரு துளி மட்டும் விடுங்கண்ணே, கெளம்புறதுக்கு மட்டும், அப்புறம் நானே இழுத்துருவேன்னான். அவன் தட்டுல ஒரு ரொட்டிய எடுத்து வெச்சீங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?

ஆமாண்ணே. வெளிய இருக்குற ஒருத்தனுக்கும் தெரியாது. எஞ்சின் எப்படியும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. தெரியும். எனக்கும் ஆச தெரியுமா? நான் இங்க ஏறி ஒக்காந்ததுலேர்ந்து ரெண்டு மனசுதான். பொறந்ததுலேர்ந்து எல்லார் பாரத்தையும் தூக்குனவன் இப்பதான் மொத தடவ ஒரு ஆளுகிட்ட கொஞ்சம் தூக்கி விடுன்னு கேட்டிருக்கான். கேட்டது உங்ககிட்ட. தங்கச்சிகிட்டகூட கேக்கல. அத வேணாம்னு சொல்ல வந்திருக்கேன் பாருங்க, எனக்கு என்னா நெஞ்சு.

ஆனா அவன் முடிச்சதும் அந்தக் குட்டிப் பய வந்து இதே வாரக் கட்டுவான்லண்ணே. அவனுக்கும் ஒரு துளி விடுவீங்களா? மாட்டீங்கள்ல. அப்ப இது அந்தப் பய ஒருத்தனுக்கு எதிரா நாம மூணு பேரு சேந்து இழுக்குறதாயிரும்.

அவன்கிட்ட சொல்லவா? பைத்தியமா. சொன்னா இப்பவே வாரக் கழட்டிருவான். சொல்லாதீங்க. நீங்க விடப்போறீங்கன்னே அவன் நெனச்சுக்கிட்டு இழுக்கட்டும். அந்த ஒரு நொடி இருக்குல்ல, கயிறு விறைக்குற நொடி, அதுல லோரி தானா வருதுன்னு நம்பிக்கிட்டு ஊனட்டும். கை நல்ல கைண்ணே. நான் படிச்சதும் அதத்தான் சொல்லுது, டோக்டரும் அதத்தான் சொல்றாரு. நகந்துச்சுன்னா அவன் நகத்துனதுதான். மஞ்சக் கோட்டத் தாண்டட்டும், அப்புறம் இந்தக் கதவத் தொறந்து அவனக் கூப்புட்டு நியூட்ரல்லயே கெடக்குற கியரக் காட்டுறேன். பாத்துக்கடா எருமன்னு.

நகரலன்னா? நகரலன்னா நீங்க ஏமாத்திட்டீங்கன்னு நெனப்பான். நெனக்கட்டும். அவன் யாருகிட்ட போயி சொல்ல முடியும்? ரெண்டு நாளு உங்ககூடப் பேச மாட்டான். மூணாவது நாளு நான்தான் நிறுத்துனேன்னு நானே சொல்லிர்றேன், அப்புறம் என்கூடப் பேச மாட்டான். நான் பாத்துக்குறேன். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் இல்ல, இருந்தாலும் வாங்கிக்குறேன்.

பாக்குறான் பாருங்க, கண்ணாடி வழியா. என்னப் பாக்குறான், இவ என்னா இங்கன்னு. நான் கையாட்டிட்டேன். இப்ப உங்களப் பாக்குறான். தலைய ஆட்டுங்கண்ணே. லேசா. பொய்யா? பொய்தான், என் தலையில போடுங்க. ஆட்டுங்க.

ம். சிரிச்சிட்டான் பாருங்க.

எந்திரிச்சிட்டான். கயித்தக் கையில சுத்துறான், வலது கையிலதான் சுத்துறான். அம்மா கண்ண மூடிட்டாங்க. மீசைக்காரர் வாயில விசில வெச்சிட்டாரு. கிளட்ச்சுலேர்ந்து கால எடுத்துருங்கண்ணே. ரெண்டு காலையும் இந்தப் பக்கம் வைங்க, நான் பாக்குற மாரி.

பிரேக்க விடுங்க. கியர் மேல என் கை இருக்கு.